ராமானுஜன் பிறந்த நேரமும் நம் ஞாயிற்றுக்கிழமை ஜாதகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பிரபலங்களின் ஜாதகத்தை வைத்து அவர்கள் வாழ்க்கையை அலசும் தொடர் ஒன்று வருகிறது. காந்தி, ராஜீவ் காந்தி, இளையராஜா என்று போய், போன வாரம் கணிதமேதை ராமானுஜனிடம் வந்து நின்றிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். பிறந்த நேரத்தைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா ஊருக்கெல்லாம் ஜாதகம் எழுதிக் கொடுத்தவர். நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் ‘ஜனனீ ஜன்ம ஸௌக்யானாம்’ என்ற சுலோகத்தை எழுதிவிட்டுத்தான் கட்டம் போடுவார். கட்டம் போடுவது, தசா இருப்பு எடுப்பது, பொருத்தம் பார்ப்பது எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதுதான். இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் பெண்ணுக்கு வரன் வந்தால் இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். தட்சிணை வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கோடு சரி. ஆகவே ‘வந்துவிட்டார் ஒரு கறுப்புச் சட்டைக்காரர்’ என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு, சாயங்காலத்தில் என்னிடம் கணக்குச் சொல்லிக்கொள்ள வருவான். போன திங்கட்கிழமை நோட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டால், “தாத்தா, எனக்குப் புதன் நீசமாம். ராமானுஜனுக்குப் புதன் லக்னாதிபதியாம். அதனாலதான் அவருக்குக் கணக்கு வந்துச்சாம். பேப்பர்ல போட்டிருக்கு” என்றான். அவன் பங்குனியில் பிறந்தவன். அந்த மாதத்தில் சூரியனை ஒட்டிப் புதனும் மீனத்தில் கிடப்பது சகஜம். மீனம் புதனுக்கு நீச வீடு, அதாவது பலம் இழக்கும் வீடு. வீட்டில் யாரோ அவன் கட்டத்தையும் தங்கள் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மீச்சிறு பொது மடங்கு எடுக்க வராததற்குப் பழி புதன் தலையில் விழுந்துவிட்டது.

சரி, கட்டுரைக்கு வருவோம். ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று, ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் பிறந்தார். தமிழுக்கு சர்வஜித்து வருஷம், மார்கழி 9. சூரியன் தனுசில். பொழுது சாயும்போது சூரியன் நிற்கும் வீட்டுக்கு ஏழாவது வீடு கிழக்கே உதிக்கும் என்பது கட்டம் போடப் பழகுபவனுக்கு முதலில் சொல்லித் தருவது. அப்படி உதிக்கும் வீடுதான் லக்னம். ஆக மிதுன லக்னம். அதிபதி புதன். கணிதத்துக்குக் காரகனும் புதன். இவ்வளவுக்கும் கட்டுரையாளர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் சூரியன் தனுசில் இருக்கும்வரை, அதாவது ஏறக்குறைய மார்கழி முழுக்க, விளக்கு வைக்கிற நேரத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் மிதுன லக்னம்தான். 1887-இல் மட்டுமல்ல, வருஷா வருஷம். மார்கழிச் சாயங்காலத்துப் பிள்ளைகள் என் பள்ளியிலும் படித்தார்கள். அவர்களில் ஒருவன் பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏறவே மாட்டேன் என்று நின்றவன். இன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் அறுவடை இயந்திரம் ஓட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனுக்கும் லக்னாதிபதி புதன்தான். கட்டுரையாளர் அடுத்து சனிக்குப் போகிறார். லக்னத்துக்கு இரண்டாம் வீடான கடகத்தில் சனி, தன ஸ்தானம் கெட்டது, அதனால் வறுமை என்கிறார். சனி ஒரு வீட்டில் இரண்டரை வருஷம் இருப்பாரே! அந்த இரண்டரை வருஷத்தில் மிதுன லக்னத்தில் பிறந்தவர்கள் எல்லாருமா அரைப்பட்டினி கிடந்தார்கள்? அன்றைய தஞ்சை ஜில்லாவில் மட்டும் மிதுன லக்ன மிராசுதார்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ராமானுஜனுக்காவது பிறந்த நேரம் ஓரளவு நம்பும்படி இருக்கிறது. அவருடைய தாயார் கோமளத்தம்மாளுக்கே ஜோதிடம் தெரியும். வீட்டில் குறித்து வைத்தார்கள். மற்றவர்கள் கதை அப்படியில்லை.

பிறந்த தேதி என்ற ஒன்று எங்கிருந்து வருகிறது என்பது என்னைப் போன்ற ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. என் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால், பாதிப் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் பிறந்திருப்பார்கள். ஊரே அந்த இரண்டு மாதத்திலா பிள்ளை பெற்றது? ஜூனில் பள்ளி திறக்கும்; அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பையன் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் வயது ஆயிற்று என்று கணக்கு. தாயாரைக் கேட்டால், “ஐம்பத்திரண்டு புயலுக்கு மறு மாசம், விடியக்காலம் ரயில் போன பிறகு” என்பார். அந்தக் கால வாத்தியார் அதற்கு ஏற்ற மாதிரி, அல்லது ஏறாத மாதிரி, ஒரு தேதியைப் போட்டுப் பதிவேட்டை மூடுவார். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. அதற்கு முன்னாலும் பதிவு உண்டு, ஆனால் கிராமத்தில் எத்தனை பேர் போய்ப் பதிந்தார்கள்? வாத்தியார் போட்ட அந்தத் தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போகும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கு, பையன் பெரிய ஆளானால் வேட்புமனுவுக்கு, பிறகு இணையத்துக்கு. கடைசியில் தங்கள் கட்டுரையாளர் கைக்கு வந்து சேரும்போது அதில் லக்னம், நவாம்சம், சப்தாம்சம் எல்லாம் முளைத்திருக்கும்.

இளையராஜா கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 2 என்று தேதி போட்டு ஜாதகம் கணித்திருக்கிறார்கள். அவர் பிறந்தது 1943 ஜூன் 3. தமக்கு ‘இசைஞானி’ பட்டம் தந்த கலைஞரின் பிறந்தநாளும் ஜூன் 3 என்பதால், தம்முடையதை ஒரு நாள் முன்னதாகக் கொண்டாடி வருகிறார். ஊரறிந்த விஷயம். ஒரு நாள் தள்ளினால் சந்திரன் ஒரு நட்சத்திரம் தள்ளிப் போகும். நட்சத்திரம் மாறினால் பிறக்கும்போது நடக்கும் தசையே, அதாவது எந்தக் கிரகத்தின் ஆட்சிக் காலம் என்பதே, மாறும். தசை மாறினால், 1976-இல் முதல் படம் வந்தது தசையின் உட்பிரிவான எந்தப் புக்தியில் என்று கட்டுரையில் எழுதியிருப்பதெல்லாம் வேறொருவர் ஜாதகம். இத்தனைக்கும் கட்டுரையில் எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தி வந்துவிட்டது! அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பான தேதிக்கும் பொருந்துகிறது என்றால், பொருந்துவதற்கு என்ன மதிப்பு?

1943 என்றதும் இன்னொன்று. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, போரை முன்னிட்டு இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் பிறந்தவர்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்திருந்தால், ஜாதகம் கணிக்கும் முன் ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அப்பா இதில் மகா கறார். ‘யுத்த டைமா, சூரிய டைமா?’ என்று கேட்காமல் பேனாவைத் தொட மாட்டார். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம். ஆகவே கழிக்க மறந்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு லக்னமே மாறிப் போகும். நவாம்ச லக்னம் பதின்மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறுவது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சுக்கிர தசையில் பிறந்தவர் என்றால் தசா இருப்பில் ஒன்பது, பத்து மாதம் உதைக்கும். இளையராஜா, அமிதாப் பச்சன், ராஜீவ் காந்தி எல்லாரும் இந்தக் காலத்தில் பிறந்தவர்கள். தங்கள் கட்டுரைகளில் யுத்த நேரம் என்ற பேச்சே இல்லை. இணையத்தில் கிடைக்கும் மென்பொருளில் தேதியைத் தட்டினார்களா, அது தானாகக் கழித்துக்கொண்டதா, இல்லையா என்பதை யாராவது பார்த்தார்களா?

ராஜீவ் விஷயத்தில் வேடிக்கை, இதைக் கவனித்தவர் ஜவாஹர்லால் நேரு. ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயர் எடுத்த மனிதர். 1944 ஆகஸ்டில், அகமதுநகர் கோட்டைச் சிறையிலிருந்து, பேரன் பிறந்த செய்தி கேட்டுத் தங்கை கிருஷ்ணா ஹத்தீசிங்குக்கு எழுதிய கடிதத்தில், விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து ஜாதகம் எழுதி வைக்கச் சொல்கிறார். நேரத்தைச் சூரிய நேரப்படி குறிக்க வேண்டும், யுத்த நேரம் ஒரு மணி அதிகம் என்று நினைவூட்டுகிறார். பிறப்புக்கு ஒரு நிலையான குறிப்பு இருக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஜோதிடத்தை நம்பாத ஒருவருக்கு இருந்த கவனம் ஜோதிடப் பக்கம் எழுதுபவருக்கு இல்லை என்பதை என்னவென்று சொல்வது?

நேரம் சரியாகவே இருக்கட்டும். ராஜீவின் ஜாதகத்தில் சூரியன், சந்திரன், புதன், குரு, சுக்கிரன் ஐந்தும் சிம்மத்தில். லக்னமும் சிம்மம். பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ராஜயோகம், பிரதமர் ஆனார் என்று எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் 1944 ஆகஸ்ட் 20 காலை பம்பாயில் அவரோடு பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கும் அதே ஐந்து கிரகம், அதே சிம்மம். அவர்களில் ஒருவர் மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். அவர் ஜாதகத்தை யாரும் ஞாயிற்றுக்கிழமை போட மாட்டார்கள். பிரதமரின் பேரனாக, பிரதமரின் மகனாகப் பிறந்தது கட்டத்தில் எந்த வீட்டில் இருக்கிறது என்றும் தெரியவில்லை. 1991 மே 21-க்குப் பிறகு அதே ஐந்து கிரகச் சேர்க்கையே ஸ்ரீபெரும்புதூருக்கும் காரணமாகிவிடுகிறது. காந்திக்குக் கன்னி லக்னம் என்பவர்களும் உண்டு, துலாம் என்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அகிம்சையையும் காட்டிவிடுகிறார்கள், மூன்று தோட்டாக்களையும் காட்டிவிடுகிறார்கள்.

இது எப்படி முடிகிறது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வெளியே சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். தங்கள் தொடரில் வாரத்துக்கு ஒரு தரமாவது வரும் கஜகேசரி யோகத்தைப் பாருங்கள். சந்திரனுக்குக் கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10-ஆம் வீடுகளில் குரு இருந்தால் கஜகேசரி. பன்னிரண்டு வீட்டில் நான்கு. குரு ஒரு வீட்டில் சுமார் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறார், சந்திரன் மாதம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆக ஒவ்வொரு மாதமும் ஒன்பது நாள் பிறக்கும் குழந்தைகள் அத்தனைக்கும் கஜகேசரி உண்டு. மூன்று பேரில் ஒருவர்! புதாதித்ய யோகம் இதைவிட மலிவு. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே விலகாது. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது அதிசயமா?

கெட்டதற்கு சனி. ஜன்ம ராசிக்கு 12, 1, 2-இல் வந்தால் ஏழரைச் சனி. 4-இல் அர்த்தாஷ்டமம், 7-இல் கண்டகம், 8-இல் அஷ்டமம். ஒவ்வொன்றும் இரண்டரை வருஷம், ஆறு வீட்டுக்குப் பதினைந்து வருஷம். சனி ஒரு சுற்று வர சுமார் முப்பது வருஷம். ஆக யாருக்கும் வாழ்க்கையில் சரிபாதி ‘சனி சரியில்லாத’ காலம்தான். ஒரு தலைவர் தோற்ற வருஷம், விவாகரத்தான வருஷம், படம் ஊற்றிக்கொண்ட வருஷம் எதை எடுத்தாலும் நாணயத்தைச் சுண்டிவிட்டது போல இரண்டில் ஒன்று அடித்துவிடும். அடிக்காவிட்டால் ராகு, கேது, மாரகாதிபதி, பாதகாதிபதி, அந்தரம் என்று கையில் இன்னும் நிறைய இருக்கிறது. போதாததற்குத் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு பஞ்சாங்கம். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20. இடையில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் ஒருவருக்கு நல்லது நடந்தால் ஒரு பஞ்சாங்கம், கெட்டது நடந்தால் மற்றொன்று என்று எடுத்துக்கொண்டால் தோற்கவே மாட்டோம். தங்கள் தொடரில் எந்தப் பஞ்சாங்கம் என்று ஒரு வாரமும் போட்டதில்லை.

பிரான்சில் மிஷேல் கோக்லன் என்பவர் ஒரு வேலை செய்தார். இலவசமாக ஜாதகம் அனுப்புகிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கேட்டவர்களில் 150 பேருக்கு ஒரே பலனை அனுப்பினார். 94 சதவீதம் பேர், தங்களை அப்படியே படம் பிடித்திருக்கிறது என்றார்கள். அது யாருடைய ஜாதகம் தெரியுமா? போர்க்காலப் பாரிஸில் பலரைக் கொன்று 1946-இல் தலை வெட்டப்பட்ட மார்செல் பெத்தியோ என்ற டாக்டருடையது.

‘அது வெளிநாட்டு ஜோதிடம், நம்முடையது வேறு’ என்பார்கள். நம்மூரிலும் நடந்திருக்கிறது. 2008-இல் புனேயில் வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர், படிப்பில் சிறந்த 100 மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் என்று 200 ஜாதகங்களைச் சேகரித்தார். பிறந்த நேரம் பெற்றோரிடம் கேட்டு வாங்கியது. ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகத்தைக் கலந்து அனுப்பி, எது எந்த வகை என்று மட்டும் கேட்டார். பதில் அனுப்பியவர்கள் 27 பேர். சராசரியாகச் சரியாகச் சொன்னது 46 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும். பெயர் தெரியாத பிள்ளைகளின் கட்டத்தில் புதன் எங்கே இருந்தாலும் அது வாயைத் திறக்கவில்லை. ராமானுஜன் என்று மேலே எழுதிக் கொடுத்தால் மட்டும் மடமடவென்று பேசுகிறது. முன்னால் சொல்லச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து இலங்கையே இருக்கிறது. பதவிக்காலம் ஏறக்குறைய இரண்டு வருஷம் மிச்சமிருக்கும்போதே மகிந்த ராஜபக்ச தேர்தலை அழைத்தார். ஆஸ்தான ஜோதிடர் வெற்றி நிச்சயம் என்றார். 2015 ஜனவரி 8 அன்று அவர் தோற்றது உலகத்துக்கே தெரியும்.

இதையெல்லாம் சொல்லியும், திண்ணையில் ஜாதகத்தை வாங்கி வைத்துக்கொள்கிறாயே என்று கேட்கலாம். பெண் வீட்டார் வருவது முக்கால்வாசி மனத் தைரியத்துக்காக. அவர்களோடு உட்கார்ந்து, மாப்பிள்ளை என்ன வேலை, குடிப்பழக்கம் உண்டா, மாமியார் எப்படி என்று விசாரிக்க அந்தக் கட்டம் ஒரு சாக்கு. அங்கே எதிரில் ஆள் இருக்கிறார், கேட்டால் பதில் சொல்வார். செத்துப் போனவரின் கட்டத்தில் அது கிடையாது.

ராமானுஜன் கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே ஆறாதது வேறு. ‘ராகு கடல் கடக்க வைத்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அந்த ஓட்டு வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவைப் பார்த்த சின்ன அறை, கம்பி போட்ட ஜன்னல், ஒரு கட்டில். அப்பா ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. 1903 வாக்கில், கார் என்ற இங்கிலாந்துக்காரர் பரீட்சைக்காகத் தொகுத்த சூத்திரப் புத்தகம் ஒன்று, கல்லூரி நூலகத்திலிருந்து பையன் கைக்கு வந்தது. யாரோ ஒருவர் அதை எடுத்துக் கொடுத்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் போனபோது, அங்கே துணை கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயர், இவனை ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தா வேலையில் போட்டு அமுக்க எனக்கு மனமில்லை என்று சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே மேலே இருந்த நாராயண ஐயர் இரவில் கூட உட்கார்ந்து பலகையில் கணக்குப் போட்டார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. ஹார்டியின் சகா நெவில் நேரில் வந்து பேசிச் சம்மதிக்க வைத்தார். கடல் தாண்டக் கூடாது என்று நின்ற தாயார், கனவில் குலதெய்வம் நாமகிரித் தாயார் உத்தரவு கொடுத்தார் என்று மனம் மாறினார். 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார்.

இத்தனை பேரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராகுவை வைத்தால், படிக்கிற பையனுக்கு என்ன மிஞ்சும்? தன் நோட்டை யாரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று அவன் யோசிக்கவே போவதில்லை.

மரணத்தைப் பற்றியும் கட்டுரை கதையளக்கிறது. ‘உலகப் புகழ் பெற்றால் அற்பாயுசு, ஆயுசு நீண்டால் புகழ் இல்லை’ என்று ஒரு ஜோதிடர் தாயாரிடம் முன்பே சொன்னதாக ஒரு கதை உண்டு. இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்த பலன் அது. முப்பத்தைந்தைத் தாண்ட மாட்டேன் என்று ராமானுஜனே சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்கள். 1917-இலிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு மருத்துவமனையாகக் கிடந்து, 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். காசநோய் என்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். 1994-இல் டி.ஏ.பி.யங் என்ற ஆங்கில மருத்துவர், கிடைத்த குறிப்புகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம், இளவயதில் வந்த சீதபேதியின் தொடர்ச்சி, அந்தக் காலத்திலேயே வைத்தியம் இருந்த நோய் என்று எழுதினார். எழுபது வருஷம் கழித்தும் ஒருவர் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டிருக்கிறார். மரணத்துக்கு எட்டாமிடத்து அதிபதிதான் காரணம் என்று எழுதியவருக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.

தொடரை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு படிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. என் மனைவியும் அதில் ஒருத்தி. அச்சடிப்பதை ஒழுங்காக அச்சடியுங்கள் என்றுதான் கேட்கிறேன். லோயிஸ் ரோடன் என்ற அமெரிக்க ஜோதிடர், பிரபலங்களின் பிறந்த நேரங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் தரம் போட்டு வைத்தார். பிறப்புச் சான்றிதழிலிருந்து எடுத்தது என்றால் ‘ஏஏ’. ஒன்றுக்கொன்று முரணான நேரங்கள் இருந்தால் ‘டிடி’, அழுக்குத் தகவல் என்று பொருள். நேரமே தெரியாவிட்டால் ‘எக்ஸ்’. ஜோதிடரே வகுத்த முறை. கட்டத்துக்குக் கீழே இப்படி ஓர் எழுத்தும், எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம் (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு) என்று ஒரு வரியும் போட எவ்வளவு இடம் ஆகும்? அப்படிப் போட்டால் தொடரில் பாதி வாரம் ‘எக்ஸ்’ என்றுதான் வரும். வரட்டுமே.

அடுத்த வாரம் எம்.ஜி.ஆர். என்று அறிவிப்பு போட்டிருக்கிறீர்கள். 1917 ஜனவரி 17 என்பது எல்லாரும் சொல்லும் தேதி. நேரத்தை யார் குறித்தார்கள், எதைப் பார்த்துக் குறித்தார்கள் என்று கட்டுரையாளரிடம் எழுத்தில் வாங்கிப் பக்கத்திலேயே போடுங்கள். அப்புறம் ஒன்று. அவர் பிறந்த நாவலப்பிட்டி இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரிய உதயத்தை அந்த ஊருக்குக் கணக்கிட வேண்டும். பழக்கதோஷத்தில் சென்னை உதயத்தை வைத்துப் போட்டுவிடப் போகிறார், அச்சுக்குப் போகும் முன் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.